க எழுத்தில் பத்துப் பறவைகள்: வன்னிப் பிள்ளையின் கொப்பிக்கு

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். தரம் 4 படிக்கும் மகளுக்கு ஓர் ஒப்படை: "க" எழுத்தில் தொடங்கும் பறவைகள் பத்து எழுதி, படம் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுத வேண்டும். எல்லாம் எங்கட இடத்தில் காணக்கூடிய பறவையாக இருக்க வேண்டும் என்று ரீச்சர் சொல்லிவிட்டாராம். தாய் இணையத்தில் தேடினால் கானமயில், கிளுவை என்று ஒரு பட்டியல் வருகிறது. மகளோ காகத்தையும் கோழியையும் எழுதிவிட்டு, "இன்னும் எட்டுத்தானே" என்று பேனையை மூடிவிட்டாள். கோழி கணக்கில் சேருமா என்று வீட்டில் சண்டை.

தங்கச்சி, முதலில் பத்தைத் தந்துவிடுகிறேன். மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். காகம், கிளி, குயில், கொக்கு, கவுதாரி, கரிச்சான், கானாங்கோழி, கூழைக்கடா, கொண்டலாத்தி, காட்டுக்கோழி. பத்தும் வன்னியில் இருக்கின்றன. இவற்றில் பாதியையாவது வளவுக்குள் நின்றே காட்டலாம். நாளைக்கே கொப்பி கொடுக்க வேண்டும் என்றால் இவ்வளவும் போதும்.

நாள் இருக்கிறதென்றால் ரீச்சரிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு வாருங்கள். "க" என்று அவர் சொன்னது தனிக் "க"வையா, க, கா, கி, கீ என்று போகும் வரிசை முழுவதையுமா? வரிசை முழுவதும் என்றால் கவலையே இல்லை, இருபது கூட எழுதலாம். தனிக் "க" மட்டும் என்றால் காகமும் கிளியும் குயிலும் கொக்கும் ஒரே அடியில் போய்விடும். அப்போது கருடன், கழுகு, கரிச்சான், கரண்டிவாயன், கதிர்க்குருவி, கடற்காகம், கள்ளப்பருந்து, கம்புள்கோழி என்று எட்டு வரும். ஒன்பதாவது கவுதாரி. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. "கவுதாரி" என்று எழுதினால் அது "க". "கௌதாரி" என்று எழுதினால் "கௌ". இரண்டும் வழக்கில் உள்ள எழுத்துத்தான். ஒரே பறவை, எழுதுகிறவர் கையைப் பொறுத்து வரிசையின் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் மாறி மாறிக் குடிபோகிறது.

பத்தாவதுக்குத்தான் பலர் குறுக்கு வழி தேடுவார்கள். கருந்தலை மாங்குயில், கரும்பருந்து, கருங்குருகு என்று முன்னால் "கரு" போட்டால் எத்தனை வேண்டுமானாலும் சேரும். புத்தகங்களுக்காக நிறத்தையும் உறுப்பையும் முன்னொட்டாக வைத்து ஆக்கிய பெயர்கள் இவற்றில் நிறைய. பிழை என்று சொல்ல மாட்டேன், ஒரே இனத்துக்குள் ஒன்றையொன்று பிரித்துச் சொல்ல அப்படியான பெயர் வேண்டும். ஆனால் கருந்தலை மாங்குயிலைக் கண்டவுடன் ஒரு பிள்ளை "மாங்குயில்" என்றுதான் கத்தும். அது "ம"வுக்குப் போக வேண்டிய பறவை. வாயில் முதலில் வரும் சொல் எதுவோ அதன் எழுத்தையே எடுப்பது என் வழக்கம். பத்து நிரம்பாவிட்டால் ஒன்பதோடு கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு ரீச்சரும் அடிக்க மாட்டார்.

சரி, இனி வன்னிக்கு வருவோம். "க" எழுத்தை ரீச்சர் தெரிந்துதான் எடுத்தாரோ தெரியாமல் எடுத்தாரோ, வன்னிக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கிளியையும் நொச்சியையும் சேர்த்தால் கிளிநொச்சி. முல்லைத்தீவுக்குத் தெற்கே கரையோரமாகப் போனால் கொக்குத்தொடுவாய், அதையும் தாண்டினால் கொக்கிளாய். தொடுவாய் என்பது களப்பு கடலைத் தொடுகிற வாய்; மீன் ஏறி இறங்கும் இடம்; அங்கே கொக்கு நிற்காமல் வேறு என்ன நிற்கும்? கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில் கொக்காவில். மேற்கே பூநகரிப் பக்கம் கௌதாரிமுனை. மன்னார்ப் பக்கம் காக்கையன்குளம். மகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து இந்தப் பெயர்களைத் தேடச் சொல்லுங்கள். ஒப்படைக்கு இது தேவையில்லை, ஆனாலும் பிள்ளைக்குப் பிடிக்கும்.

மேலே சொன்ன இரண்டு பட்டியல்களிலும் மூன்று பறவைகள் வடக்கின் அடையாளம் என்றே சொல்லலாம். அதனால்தான் கண்ட பட்டியலையும் பார்த்து எழுத வேண்டாம் என்கிறேன். காலியிலோ கண்டியிலோ இருக்கும் பிள்ளை இதே ஒப்படையைச் செய்தால் இந்த மூன்றையும் எழுத முடியாது.

முதலாவது கவுதாரி. இலங்கையில் இது வடக்கு, வடமேற்குக் கரையோரத்து வறண்ட நிலத்துப் பறவை. மன்னார், பூநகரி, யாழ்ப்பாணம் பக்கம் பற்றைகளுக்குள் இருக்கும். உடம்பு முழுக்க மண்ணிறம், அதில் மெல்லிய குறுக்குக் கோடுகள். நாம் கிட்டப் போனால் உடனே பறக்காது. முதலில் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். விட்டால் ஓடியே தப்பிவிடும். துரத்தினால்தான் "படபட" என்று எழும்பும், எழும்பியும் அதிக தூரம் போகாது. காலையில் இதன் குரல் கேட்கும் இடத்தில் மணிக்கூட்டுக்கு வேலையில்லை. "கடீலா, கடீலா, கடீலா" என்று ஒருவர் தொடங்கினால் அடுத்த பற்றையிலிருந்து மற்றவர் பதில் கொடுப்பார். இரவில் தரையில் படுக்காமல் முள் மரத்தில் ஏறித் தங்கும். புதுக்குடியிருப்பில் நின்று இதைத் தேடாதீர்கள். பூநகரிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு விடியலுக்குப் போய் நில்லுங்கள்.

இரண்டாவது கரிச்சான். இரட்டைவால் குருவி என்றால் உங்களுக்கு விளங்கும். தந்திக் கம்பியிலும், மாட்டின் முதுகிலும், வயல் வரம்பில் நட்ட தடியிலும் உட்கார்ந்திருக்கும் அந்தக் கருப்பர்தான். இலங்கையின் பெரும்பகுதியில் இருப்பது வயிறு வெள்ளையான இன்னொரு கரிச்சான். முழுக் கருப்பு வடக்குக் கரையோரச் சமவெளிகளுக்கு உரியது. இவர் உருவத்துக்கு மீறிய கோபக்காரர். கூட்டுப் பக்கம் காகம் வந்தாலும் சரி, பருந்து வந்தாலும் சரி, மேலே ஏறி முதுகில் கொத்தித் துரத்துவார். மதுரைச் சிவன் காகங்களுக்குப் பயந்த ஒரு கரிக்குருவிக்கு உபதேசம் செய்து வலிமை கொடுத்தார், அன்றிலிருந்து அதற்கு வலியான் என்று பெயர் என ஒரு திருவிளையாடல் கதை உண்டு. வயலில் அரை மணித்தியாலம் நின்றவனுக்கு அந்தக் கதை எங்கே முளைத்தது என்று விளங்கும். மற்றக் குருவிகளும் கரிச்சான் கூடு கட்டிய மரத்தில் தாங்களும் கூடு கட்டும். காவற்காரன் சும்மா கிடைக்கிறானே!

மூன்றாவது, தனிக் "க" பட்டியலில் சொன்ன கள்ளப்பருந்து. பேச்சில் நாங்கள் பிராந்து என்போம். கோழிக்குஞ்சு தூக்குவதால் வந்த பட்டம்தான் "கள்ளன்". மங்கிய கபில நிறம், வால் நுனி நடுவில் உள்வாங்கி இருக்கும். இதுவும் இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரைகளோடு நின்றுவிடும் பறவை. கருடன் வேறு. தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம், வால் நுனி வட்டம். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கும் நேரம் தலைக்கு மேலே சுற்றுவது பெரும்பாலும் கருடன்தான். கும்பாபிஷேகத்துக்கு கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே கருடன் கரையில் மீன் குடலுக்கு அடிபடுவதைப் பார்த்தால் மகள் சிரிப்பாள். கழுகு என்று எழுதுவதானால் நந்திக்கடலில் கடற்கழுகு உண்டு, காட்டோரம் பாம்புக்கழுகு உண்டு. ஆனால் பிணம் தின்னும் மொட்டைக்கழுத்துக் கழுகின் படத்தை ஒட்டிவிடாதீர்கள். அது இலங்கையில் குடியிருப்பதில்லை. இணையத்தில் "கழுகு" என்று தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும், அல்லது அமெரிக்காவின் வெள்ளைத்தலைக் கழுகு வரும்.

கொக்குக்கு இரண்டு வரி போதாது. கொக்கு என்று ஒரு பறவை இல்லை, அது ஒரு குடும்பம். மாட்டோடு திரிவது உண்ணிக்கொக்கு. மாட்டில் உண்ணி பொறுக்குவதால் இந்தப் பெயர் என்பார்கள். உண்மையில் அது மாட்டை விட மாட்டின் காலையே கவனிக்கும். கால் பட்டுப் புல்லிலிருந்து எழும்பும் வெட்டுக்கிளிதான் அதன் சாப்பாடு. காலபோகத்துக்கு உழத் தொடங்கினால் பாருங்கள், மாட்டை விட்டுவிட்டு லான்ட்மாஸ்டருக்குப் பின்னால் வரிசையில் நடக்கும். கலப்பை மண்ணைப் புரட்டும்போது கிடைப்பது மாடு தருவதை விட அதிகம். சத்தத்துக்கும் பயமில்லை. இனப்பெருக்கக் காலத்தில் இதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சள் பூசியது போல மாறும், வேறு பறவையோ என்று மயங்க வேண்டாம். அலகும் காலும் கருப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்ன வெள்ளைக்கொக்கு. சேற்றில் மஞ்சள் சப்பாத்தோடு நிற்பது போல இருக்கும். அப்புறம் குருட்டுக்கொக்கு. குளத்துக்கட்டில் சைக்கிளில் போகும்போது காலடியிலிருந்து திடீரென்று வெள்ளையாக ஒன்று எழும்பும். இறங்கி உட்கார்ந்ததும் மண்ணிறமாகி மறைந்துவிடும். மிதிக்கும் வரை அசையாததால் குருடு என்று பெயர் வைத்தார்கள். கண் நல்ல கூர்மைதான், தன் நிறத்தின் மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. இன்னொன்று, கொக்குகள் பறக்கும்போது கழுத்தை மடித்துக்கொள்ளும். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை போன்றவை கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். மகளுக்கு இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும், எவ்வளவு தூரத்தில் பறந்தாலும் சொல்லிவிடுவாள்.

கிளியில் வன்னியில் இரண்டைக் காணலாம். தினமும் காண்பது பச்சைக்கிளி. ஆணின் கழுத்தில் கருப்பும் ரோசாவும் கலந்த ஆரம் இருக்கும், பெண்ணுக்கு இல்லை. மற்றது அதைவிடப் பெரியது, தோளில் சிவப்புத் திட்டு இருக்கும், அலகும் முரடு. இரண்டும் பொந்தில்தான் முட்டையிடும். போர்க்காலத்தில் செல் பட்டுத் தலை போன பனைகள் எங்கட பக்கம் எத்தனை நின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலை போன பனை உள்ளே உக்கும், மரங்கொத்தி துளை போடும், பிறகு கிளியும் மைனாவும் அந்தத் துளைக்குச் சண்டை பிடிக்கும். இப்போது அந்தப் பனைகள் ஒவ்வொன்றாக விழுந்து முடிகின்றன. நெல் விளையும் நேரம் கிளிக்கூட்டம் இறங்கினால் விவசாயிக்கு அழுகைதான். தின்பதை விடக் கடித்துப் போடுவது அதிகம். இரண்டு வரி எழுதும்போது "கிளி அழகான பறவை" என்று தொடங்குவதை விட, பிள்ளை கண்ட பொந்து எந்த மரத்தில் இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

காகத்தையும் குயிலையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரு கூட்டுக் கதை. கழுத்து சாம்பலாக இருப்பது ஊர்க்காகம், முழுக்கக் கருப்பாக, அலகு தடித்து இருப்பது அண்டங்காகம். (ரீச்சர் கண்டிப்பானவர் என்றால் அண்டங்காகம் "அ"வுக்குப் போய்விடும், கவனம்.) புரட்டாசிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து சோறு வைத்துக் கூப்பிடும்போது வன்னியில் பல வீட்டில் முதலில் இறங்குவது அண்டங்காகம்தான். குயில் கூடு கட்டாது. காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும், காகம் அடைகாத்து ஊட்டி வளர்க்கும். கூவுவது பெண்குயில் என்று பாட்டும் கதையும் சொல்லிப் பழக்கிவிட்டன. "கூ... கூ..." என்று படிப்படியாக ஏறும் அந்தக் குரல் ஆணுடையது. ஆண் பளபளப்பான கருப்பு, கண் இரத்தச் சிவப்பு. பெண் கபில நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது, அதன் சத்தம் "கிக் கிக் கிக்" என்று அவசரமாக இருக்கும். புள்ளி போட்டதைப் பலர் வேறு பறவை என்றே நினைத்திருக்கிறார்கள். நானும் சின்ன வயதில் அதைப் பருந்துக் குஞ்சு என்று கல்லெறிந்தவன்தான்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? "க"வில் இத்தனை பறவை ஏன் குவிந்தது? பாதிக்குப் பெயரை அவையே சொல்லிக்கொடுத்திருக்கின்றன. "கா" என்றது காகம், "கூ" என்றது குயில். "குக்குறு, குக்குறு" என்று மத்தியானம் முழுக்க ஆலமரத்திலிருந்து அலுக்காமல் சொல்வது குக்குறுவான். அதில் சின்ன ரகம் ஒன்று, நெற்றியும் நெஞ்சும் சிவப்பு, கன்னார் செம்புப் பானையில் தட்டுவது போல "டுக் டுக் டுக்" என்று தட்டும். மரத்தில் எங்கே இருக்கிறது என்று கழுத்து நோகத் தேடினாலும் கிடைக்காது. "கீச்" என்பது கீச்சான். வாடைக்காற்றுக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்து வேலிக் கட்டையில் தனியே உட்கார்ந்து கத்தும் கபில நிறத்துப் பறவை. கூகையும் இந்த வகைதான், ஆந்தை இனம். சாக்குருவி என்று பயந்து இவற்றை அடிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வயல் எலிக்கு மருந்து வாங்கக் கடைக்கு ஓடுகிறவரும் அதே ஆள்தான்.

குளத்துப் பறவைகளுக்கு இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ எது கிட்டவோ அங்கே போங்கள். உங்களுக்கு முத்தையன்கட்டு. கூழைக்கடாவைக் காட்டாமல் பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வராதீர்கள். கூழை என்றால் குட்டை என்று பொருள், வால் அப்படி. அலகுக்குக் கீழே தொங்கும் பைதான் அதன் வலை. மீனோடு தண்ணீரையும் அள்ளி, தண்ணீரை வடியவிட்டு, மீனை விழுங்கும். பல சேர்ந்து அரைவட்டமாக நீந்தி மீனைக் கரைக்கு ஒதுக்குவதும் உண்டு, எங்கட ஆட்கள் கரைவலை வளைப்பது போல. கரண்டிவாயன் வெள்ளைப் பறவை, அலகு நுனி தட்டையாக விரிந்திருக்கும். அலகைத் தண்ணீரில் வைத்து இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடக்கும். நாங்கள் கரண்டி என்று சொல்லாமல் அகப்பை என்று சொல்லியிருந்தால் இந்தப் பறவை "க"வுக்குக் கிடைத்திருக்காது. இரணைமடு நீர் கனகராயன் ஆற்றோடு போய்ச் சேரும் சுண்டிக்குளத்தில் இவை இரண்டையும் பெரிய கூட்டமாகக் காணலாம். அது 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே பூநாரையும் வரும். பாவம், "ப"வில் பிறந்துவிட்டது.

கானாங்கோழிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த இரவில், பின்வளவுப் பள்ளத்திலிருந்து "கொர்ர், குவாக் குவாக் குவாக்" என்று யாரோ தொண்டையைச் செருமுவது போல விடிய விடியக் கேட்கிறதே, அதுதான். முதுகு கரும்சாம்பல், முகமும் நெஞ்சும் வெள்ளை, வாலடி துருச்சிவப்பு. நடக்கும்போது குட்டை வாலை ஆட்டிக்கொண்டே போகும். பட்டியல்களில் கம்புள்கோழி என்று எழுதியிருப்பதும் இதைத்தான்.

கொண்டலாத்தி பற்றி ஒரு எச்சரிக்கை. சில வீடுகளில் கொண்டைக்குருவியையும் இந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். கொண்டைக்குருவி கருந்தலை, வாலடி சிவப்பு, வேலியில் பழம் தின்னும். கொண்டலாத்தி வேறு: வெளிர் செம்மண் நிறம், இறக்கையில் கருப்பு வெள்ளைப் பட்டை, தலையில் விசிறி போல விரித்து மடிக்கும் கொண்டை, நீண்டு வளைந்த அலகு. மைதானத்துப் புல்லில் குத்திக் குத்திப் புழு எடுக்கும். இவ்வளவு அழகுக்கும் கூடு மட்டும் நாறும். அடைகாக்கும் பெண்பறவை வாலடிச் சுரப்பியிலிருந்து நாற்றமான திரவம் ஒன்றை விடும்; எதிரி கிட்ட வராது. பிள்ளைக்கு எழுத இதைவிட நல்ல இரண்டு வரி வேறு கிடைக்காது. இடம் மிஞ்சினால் காடையையும் சேர்க்கலாம். கடையில் முட்டை விற்கிறார்களே அந்தப் பண்ணைக் காடையைச் சொல்லவில்லை. தரிசுக் காணியில் காலடியிலிருந்து பறக்கும் சின்ன உருண்டை. அதில் ஓர் இனத்தில் பெண்தான் பெரிது, பெண்தான் நிறம் கூடியது, முட்டையிட்டுவிட்டு அது போய்விடும். அடைகாப்பது ஆண்.

இணையப் பட்டியலுக்கு வருகிறேன். கானமயில் பெயரில் நம்மோடு இருக்கிறது, ஆளில் இல்லை. அது இந்தியாவின் வறண்ட புல்வெளிகளில் வாழ்கிற, இப்போது மிகவும் அருகிவிட்ட பறவை. இலங்கையில் கிடையாது. நம் காட்டில் ஆடும் மயிலை யாராவது கானமயில் என்று சொன்னால் அது பேச்சு வழக்கு. கிளுவை என்று அவர்கள் எழுதியிருப்பது ஒரு சின்ன வாத்து. எங்கட ஊரில் கிளுவை என்றால் வேலிக்கு நடும் மரம்தானே. மகள் கிளுவையை எழுதிக் கொடுத்தால், ரீச்சர் "வேலி எப்ப பறந்தது?" என்று கேட்பார். இந்தியப் பட்டியல்களில் குறை இல்லை, அவை அந்த ஊருக்கு எழுதியவை. அவ்வளவுதான்.

கடைசியில் கோழிச் சண்டை. கோழி பறவைதான், அதில் வழக்கே இல்லை. ஆனால் மகள் "கோழி" என்ற சொல்லுக்கு முன்னால் "காட்டு" என்று சேர்த்தால் பட்டியலிலேயே பெறுமதியான பறவை அதுவாகிவிடும். இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கு மேல் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தெற்கின் ஈரக் காடுகளிலும் மலைநாட்டிலும் இருப்பவை, வன்னிப் பிள்ளைக்குப் படத்தில்தான் கிடைக்கும். காட்டுக்கோழி அப்படியில்லை. நாட்டின் தேசியப் பறவை, உலகில் வேறெங்கும் காட்டில் வாழாதது, முத்தையன்கட்டுப் பாதையோரம் காலையில் குப்பை கிளறிக்கொண்டு நிற்கும். வீட்டுக்கோழியின் முதன்மையான முன்னோர் ஆசியப் பெருநிலத்தின் சிவப்புக் காட்டுக்கோழி. நம்முடையது அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. காட்டோர வீடுகளில் வீட்டுப் பேட்டோடு கூடிக் கலப்புக் குஞ்சு வருவதும் உண்டு.

ஊர்ச் சேவலில் சிலது அப்படியே காட்டுச் சேவல் போல இருக்கும், அதனால் பிள்ளை மயங்கலாம். பூவைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுச் சேவலின் பூ முழுக்கச் சிவப்பு. காட்டுச் சேவலின் சிவப்புப் பூவுக்கு நடுவில் மஞ்சள் இருக்கும், பூசணிப்பூ வைத்தது போல. உடம்பு செம்மஞ்சள், வால் நாவல் கலந்த கருப்பு. பேடு கபில நிறம், வயிறு மட்டும் கருப்பு வெள்ளைப் பொறி. சூரியன் ஏறினால் காட்டுக்குள் போய்விடும், ஆறு மணிக்கு முன்னால் எழுப்புங்கள். மோட்டார் சைக்கிளைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.